வால்பட்டைக்கு எதற்குக் கல்பாக்

எங்கள் ஊரில் ஒரு குதிரைக்குட்டி பிறப்பதற்கு முன்பே, அது பிறந்துவிட்டது என்று சொல்ல ஆள் வந்துவிடுவான். மிகைப்படுத்திச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. ஒரு வசந்தத்தில் என் குதிரை சினையே பிடிக்கவில்லை. அப்போதும் மேய்ப்பன் துகோல்பாய் நாலுகால் பாய்ச்சலில் வந்து, வாசலில் நின்று "சுயுஞ்சு, சுயுஞ்சு" என்று கத்தி, என்னிடமிருந்து புதுக் கல்பாக் தொப்பி ஒன்றை வாங்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு போனான். அடுத்த வசந்தத்தில் நிஜமாகவே குட்டி பிறந்தது. அன்றைக்கு அவசரமில்லாமல் நடந்தே வந்து செய்தி சொன்னான். கை நீட்டவில்லை. போன வருஷமே வாங்கிவிட்டானாம். அவ்வளவு நேர்மையான ஊர்.

நல்ல செய்தி கொண்டுவருகிறவன் அந்த ஒரு சொல்லைச் சொல்லித்தான் வாயைத் திறப்பான். கேட்கிறவன் கைக்குக் கிடைத்ததைக் கொடுத்த பிறகுதான் மிச்சத்தைக் கேட்பான். தொப்பி, தலைத்துண்டு, சட்டை, மனசு கொஞ்சம் அகலமாக இருந்தால் ஓர் ஆட்டுக்குட்டி. கொடுக்காமல் கேட்ட சந்தோஷம் வீட்டில் தங்காது என்பது எங்கள் கணக்கு. என் ஒன்றுவிட்ட மாமா ஒருவர் சுயுஞ்சு கொடுக்காமல் பேரன் பிறந்த செய்தியைக் கேட்டார். அந்தப் பேரன் வளர்ந்து வரிவசூல் அதிகாரியானான்.

இப்படிப்பட்ட ஊருக்குத்தான் ஐஜார்கின் தன் வால்பட்டையைக் கொண்டுவந்தாள்.

ஐஜார்கின் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண். தலைநகர் பிஷ்கெக்கில் மின்னணுப் படிப்பு முடித்து, அங்கேயே பேசும் கெட்டில் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். தண்ணீர் கொதித்துவிட்டது என்று அந்தக் கெட்டில் இணையம் வழியாகப் போனுக்குச் செய்தி அனுப்பும். அதாவது கெட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் கொதிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆளின் போனுக்கு. ஒருநாள் அவள் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து, மூடிக்கிடந்த கால்நடை மருத்துவ நிலையத்தைக் கூட்டிப் பெருக்கி, கதவில் தன் கம்பெனியின் பெயரை எழுதினாள். கம்பெனி என்றால் அவளும், பற்றவைக்கத் தெரிந்த இரண்டு பேரும்.

இப்படி இணையத்தில் பேசுகிற சாமான்களைச் செய்யும் சின்னக் கம்பெனிகளுக்கு அரசாங்க நிதியம் மானியம் தருகிறது. அவள் விண்ணப்பித்தாள், கிடைத்தது. ஆனால் இரண்டு தவணையாக. முதல் தவணையில் பட்டைகளைச் செய்து ஊரில் சோதித்துக் காட்ட வேண்டும். குதிரை குட்டி போடும் நேரம் வந்தால் வாலில் கட்டிய பட்டை அதைக் கண்டுபிடித்து, சொந்தக்காரரின் போனுக்குச் செய்தி அனுப்ப வேண்டும். குழு ஒன்று நேரில் வந்து பார்க்கும். திருப்தியானால் இரண்டாம் தவணை. இல்லையென்றால் அந்தப் பணம் வரிசையில் அடுத்து நிற்கிறவருக்குப் போய்விடும். அடுத்து நின்றது பேசும் கெட்டில். அது போதாதென்று கெட்டில்காரர்கள் ஐஜார்கினின் பழைய நாற்காலியைத் துடைத்து வைத்துவிட்டு, எப்போது பட்டறையைப் பூட்டிக்கொண்டு வருகிறாய் என்று வேறு கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பயமா இல்லையாம்மா?" என்று கேட்டேன்.

"நான் பந்தயம் கட்டியிருக்கறது குதிரை மேல தாத்தா. கெட்டில் மேல இல்ல" என்றாள்.

பந்தயம் நல்ல பந்தயம்தான். குதிரைக்கு வெட்கம் ஜாஸ்தி. மேய்ப்பன் கண்ணெதிரில் குட்டி போடாது. அவன் டீ குடிக்கத் திரும்புகிற நேரமாகப் பார்த்துப் படுக்கும். குட்டி நேராக வந்தால் சரி. கால் மடங்கி வந்தால், அவன் டீயைக் குடித்துவிட்டு வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். ஒவ்வொரு வசந்தத்திலும் எங்கள் பள்ளத்தாக்கில் சில வீடுகளில் இதனால் முகம் தொங்கும். குதிரை எத்தனை தடவை படுத்து எழுந்தது, வாலை எப்படித் தூக்கியது என்பதைப் பட்டை கவனித்துக்கொண்டே இருக்கும். வெட்கப்படுகிற குதிரைக்கும் பட்டை முன்னால் வெட்கம் கிடையாது.

பனி உருகத் தொடங்கியதும் ஊரிலுள்ள சினைக்குதிரைகளின் வாலிலெல்லாம் பட்டை ஏறியது. என் கரும்பழுப்புக் குதிரைக்கும் கட்டினாள். கட்டின அன்று அது திரும்பித் தன் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தது. நான் வேறு பக்கம் பார்த்தேன்.

குட்டிகள் பிறக்க ஆரம்பித்தன. புல்வெளியில் புதுக்குட்டிகள் துள்ளின. துகோல்பாய் வழக்கம்போல வாசல் வாசலாகப் போய்க் கத்தி, தொப்பிமேல் தொப்பியாகச் சேர்த்தான். ஒரு கட்டத்தில் அத்தனையையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு வந்தபோது, யாரோ கோபுரம் கட்டுகிறார்கள் என்று நினைத்து எங்கள் வாத்துகள் அதன்மேல் கூடு கட்டப் பார்த்தன. ஆனால் ஒரு போனுக்கும் ஒரு செய்தியும் வரவில்லை.

தவறு, ஒன்று வந்தது. கடை வைத்திருக்கிற சோனுன்பூவுக்கு. துகோல்பாய் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த சமயம். கடையில் மாவு நிறுத்துக்கொண்டிருந்தவள் கையில் போன் அதிர்ந்தது. உங்கள் குதிரை குட்டி போடுகிறது என்றது. சோனுன்பூ அரண்டுபோனாள். செய்தி வந்துவிட்டது, கொண்டுவந்தவனைக் காணோம். தெருவுக்கு ஓடிப் பார்த்தாள், யாரும் இல்லை. நேரமாகிக்கொண்டே போகிறது, சந்தோஷம் கூலி கொடுக்கப்படாமல் வீட்டுக்குள் நிற்கிறது. கடைசியில் அலமாரியிலிருந்து ஒரு பட்டுத் தலைத்துண்டை எடுத்துப் போனுக்கே கட்டிவிட்டாள். ஒரு வாரம் அந்தப் போன் துண்டுடன்தான் இருந்தது. கட்டின பிறகு அவளுடைய நாத்தனாரின் அழைப்பை அது எடுப்பதே இல்லை என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னாள்.

ஐஜார்கின் பட்டறையில் மிச்சமிருந்த பட்டைகளையெல்லாம் பிரித்துப் பார்த்தாள். பேட்டரி சரி. சிக்னல் சரி. மேசைமேல் வைத்துத் தூக்கினால், சாய்த்தால், பட்டை ஒழுங்காகப் பேசியது. குதிரை வாலில் போனதும் ஊமையாகிவிடுகிறது. குழு வர இன்னும் இரண்டு மூன்று நாள்தான். இன்னும் ஈனாமல் நின்றது என் குதிரை ஒன்றுதான். "போய்ப் பாத்துடலாம் தாத்தா" என்றாள். நானும் கிளம்பினேன். எனக்கு என்ன நடக்கிறதென்று தெரியாது. தெரியாது என்று அப்போதும் சொன்னேன், இப்போதும் அதையே சொல்கிறேன்.

துகோல்பாயின் குடிசை ஓடைக்கு இந்தப் பக்கம். அவன் எங்களுக்கு டீ ஊற்றினான். அடுப்பு அணைந்து கிடந்தது, ஆனால் அதன்மேல் பெரிய இரும்பு அண்டா மூடிபோட்டு இருந்தது. மூடிக்கு மேல் ஒரு கல் வேறு.

"அண்ணே, இதுல என்ன வேகுது?" என்று ஐஜார்கின் கேட்டாள்.

"ஒண்ணும் வேகலம்மா. சும்மா மூடி வெச்சிருக்கேன்."

அவள் கல்லை எடுத்தாள், மூடியைத் திறந்தாள். அண்டா நிறைய வால்பட்டைகள். எல்லாம் உயிரோடு, சின்னச் சின்னப் பச்சை விளக்குகளை மினுக்கிக்கொண்டு கிடந்தன.

"உப்பு போட்டியாடா?" என்று நான் கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை.

துகோல்பாய் மறைக்கிற ஆள் இல்லை. குதிரையின் வயிறு இறங்குவதைப் பார்த்தாலே பட்டையைக் கழற்றிவிடுவானாம். இரும்புக்குள் போட்டால் சத்தம் வெளியே போகாது என்பதை எப்படிக் கண்டுபிடித்தான் என்றால், தன் போனை அதற்குள் போட்டு மூடிப் பார்த்திருக்கிறான். அன்று முழுக்க மனைவியிடமிருந்து அழைப்பே வரவில்லை. அதன் பிறகு அண்டாவில் சமைப்பதையே நிறுத்திவிட்டான்.

"எதுக்குண்ணே?" என்றாள் ஐஜார்கின். குரலை உயர்த்தவில்லை.

"பனியில நிக்கறது நானு. காத்துல நிக்கறது நானு. சேதி சொல்றது மட்டும் இதுவா? இந்தப் பட்டைக்கு எதுக்கும்மா கல்பாக்கு? இதுக்குத் தலையா இருக்கு?" டீக் கிண்ணத்தைக் கீழே வைத்தான். "தொப்பி கூடப் பெரிசில்ல. சொன்ன ஒடனே அவங்க மூஞ்சி மாறும் பாரு, அத வாசல்ல நின்னு பாக்கணும். போன் அதப் பாக்குமா?"

ஐஜார்கின் அண்டாவிலிருந்த பட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணி வெளியே எடுத்துவைத்தாள். பிறகு கேட்டாள்: "நீங்க பக்கத்துல இல்லாதப்ப ஈன்றது ஏதாவது போச்சாண்ணே?"

துகோல்பாய் தலையிலிருந்த தொப்பியை எடுத்துக் கையில் சுற்றினான். சாம்பல் குதிரையின் குட்டி போயிற்று. முந்தின நாளே பட்டையைக் கழற்றியிருந்தான். அவன் உப்புக்கட்டி எடுக்க ஊருக்குப் போன நேரத்தில் அது படுத்துவிட்டது. அந்தச் செய்தியைச் சொல்லப் போகும்போது அவன் குதிரையை ஓட்டவில்லை, கையில் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறான்.

நான் அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் அண்டாவை அவன் தலையில் கவிழ்த்திருப்பேன், ஒரு தொப்பிக்கு ஒரு தொப்பி. அவளோ மடிக்கணினியைத் திறந்து முழங்காலில் வைத்துக்கொண்டாள்.

"தப்பு என்னோடதுண்ணே" என்றாள். "சேதிய தப்பான ஆளுக்கு அனுப்பிட்டிருந்தேன்."

டீ ஆறும் முன் மாற்றிவிட்டாள். இனிமேல் பட்டை மேய்ப்பனைத்தான் கூப்பிடும். அவன் போவான், தேவையென்றால் கை கொடுப்பான், குட்டி எழுந்து நின்ற பிறகு குதிரையேறிப் போய்ச் சொந்தக்காரரின் வாசலில் கத்துவான். சொந்தக்காரரின் போனுக்கு எதுவும் போகாது. துகோல்பாயின் முகம் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது.

"ஆனா ஒண்ணு" என்றாள். "நீங்க கிளம்பலன்னா, அடுத்தபடியா பக்கத்துல இருக்கற ஆளுக்குச் சேதி போயிடும்."

"அடுத்த ஆளுக்கா?"

"ஆமாண்ணே. கல்பாக்க அவர் வாங்கிக்குவார்."

அன்றிலிருந்து துகோல்பாய் சேணத்திலேயே தூங்கினான் என்கிறார்கள். நான் நம்பவில்லை. நான் பார்த்தபோது அவன் தூங்கவே இல்லை, குதிரைதான் அவனைச் சுமந்தபடி தூங்கிக்கொண்டிருந்தது.

திரும்பி வரும் வழியில் நான் என் அறிவைக் காட்டினேன். ஒப்பந்தத்தில் சொந்தக்காரரின் போன் என்றல்லவா எழுதியிருக்கிறது, குழு வந்து கேட்டால் என்ன சொல்வாய் என்றேன். நடந்ததைச் சொல்வேன் என்றாள்.

"நடந்ததச் சொன்னா மானியம் குடுப்பாங்களா?"

"வேலை செய்யற சாமானுக்குக் குடுப்பாங்க தாத்தா. இப்பதான் இது வேலை செய்யுது."

குழு வந்தது. தலைவி வெனெரா என்ற அம்மாள். தோள் அகலமான, அவசரமில்லாத பெண். பல பள்ளத்தாக்குகளைக் கண்ணீரோடு திருப்பி அனுப்பியவள் என்று அவளுக்கு முன்பே அவள் பேர் வந்துவிட்டது. கூட இரண்டு உதவியாளர்கள். என் குதிரைதான் பாக்கி என்பதால் என் வீட்டிலேயே உட்கார்ந்தார்கள். விரித்த துணியின்மேல் எண்ணெயில் பொரித்த போர்சோக், பாலேடு, தேன், இவற்றுக்கு நடுவில் மரியாதையாக என் போன். எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டே டீ குடித்தோம். காலையிலேயே குதிரையின் காதில் விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்திருந்தேன், ஆகையால் எனக்குக் கவலை இல்லை.

நாலாவது கிண்ணத்துக்குப் பிறகு வெனெரா ஊர்ப் பெரியவருக்குரிய மரியாதையோடு என்னைக் கேட்டாள்: "அக்சகால், உங்க போன் தூங்குதா?"

"கூப்பிடாம பேசற கெட்ட பழக்கம் அதுக்கு இல்லம்மா" என்றேன்.

அவள் ஐஜார்கின் பக்கம் திரும்பினாள். இந்தப் பருவத்தில் சொந்தக்காரர்களுக்கு எத்தனை செய்தி போயிற்று என்று கேட்டாள். உதவியாளர்கள் எழுதத் தயாரானார்கள்.

"ஒண்ணே ஒண்ணு" என்றாள் ஐஜார்கின். "அதுக்கும் தலைத்துண்டு கட்டிட்டாங்க."

பிறகு ஒன்றுவிடாமல் சொன்னாள். அண்டா, பச்சை விளக்கு, சாம்பல் குதிரையின் குட்டி, தான் செய்த மாற்றம். உதவியாளர்களில் ஒருவன் எழுதுவதை நிறுத்தினான். மற்றவன் போர்சோக்கை மென்றபடி கெட்டில் எவ்வளவு எளிமையான கருவி என்று முனகினான். வெனெராவின் முகத்தில் எதுவும் அசையவில்லை. நான் போனை எடுத்துத் தட்டிப் பார்த்து மறுபடி துணிமேல் வைத்தேன். அதில் கொஞ்சம் பாலேடு ஒட்டிக்கொண்டது.

அப்போதுதான் குளம்புச் சத்தம் கேட்டது. எங்கள் ஊர்க் காற்று அன்று எதிர்க்காற்று. ஆள் வந்து சேர்வதற்குள் அவன் தொப்பி பின்னால் பறந்துபோய்விட்டது. துகோல்பாய் வெறுந்தலையோடு, முழங்கைவரை ரத்தமும் ஈரமுமாக வாசலில் வந்து குதித்தான்.

"சுயுஞ்சு, தாத்தா."

கொடுக்கப் புதுத் தொப்பி மீதமில்லை, எல்லாம் ஏற்கனவே அவனிடம்தான் இருந்தன. என் தலையிலிருந்ததை எடுத்துக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு சொன்னான். ஓடைக்கு அந்தப் பக்கம் வேலி கட்டிக்கொண்டிருந்தானாம், பட்டை கூப்பிட்டதாம். போய்ப் பார்த்தால் ஒரு முன்னங்கால்தான் வெளியே. மற்றது உள்ளே மடங்கிக் கிடந்தது. குட்டியை உள்ளே தள்ளி, காலைத் தேடிப் பிடித்து நேராக்கி இழுத்திருக்கிறான். பெண்குட்டி, நெற்றியில் வெள்ளை. நின்றுவிட்டது.

"பட்டை கூப்பிடாம இருந்தா தாயும் போயிருக்கும் தாத்தா" என்று சொல்லிவிட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். என் முகம் என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது. அவன் திருப்தியாகத் தலையாட்டினான்.

பிறகு வெனெரா கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"எல்லாம் சரிம்மா. ஆனா ஒப்பந்தத்துல சொந்தக்காரர் போன்னுதானே இருக்கு?"

"சொந்தக்காரர் இங்க உட்கார்ந்து போர்சோக் சாப்பிட்டுட்டிருந்தார்க்கா" என்றாள் ஐஜார்கின். "அவருக்குச் சேதி போயிருந்தா இன்னொண்ணு சாப்பிட்டிருப்பார். சேதி போக வேண்டியது கை இருக்கற எடத்துக்கு. ஒப்பந்தத்துல தப்பா எழுதினது நான்தான். திருத்தி எழுதிக் குடுக்கறேன். ஆனா பட்டைய பழையபடி மாத்த மாட்டேன், மானியம் வந்தாலும் வரலன்னாலும்."

நான் கையிலிருந்த இன்னொன்றை மெதுவாகத் திரும்ப வைத்தேன்.

வெனெரா குட்டியைப் பார்க்க வேண்டும் என்றாள். நகரத்துக் காலணியோடு சேற்றில் நடந்தாள். ஒன்று அங்கேயே சிக்கிக்கொண்டது, இன்றும் அந்த இடத்தில் புல் கொஞ்சம் நாகரிகமாகத்தான் முளைக்கிறது. குட்டி நான்கு கால்களையும் நான்கு ஊர்களுக்கு அனுப்பியதுபோல விரித்து நின்று பால் குடித்துக்கொண்டிருந்தது. அவள் ஒன்றும் வாக்குக் கொடுக்கவில்லை. நிதியத்தில் எடுத்துவைப்பதாகவும், வெள்ளிக்கிழமை முடிவு மின்னஞ்சலில் வரும் என்றும் மட்டும் சொன்னாள்.

வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு துகோல்பாய் கேட்டான்: "மின்னஞ்சலா? அப்ப சுயுஞ்சு யாருக்குக்கா?"

அவள் கண்ணாடியை இறக்கி, பட்டறைக்கு யார் வீடு பக்கம் என்று என்னைக் கேட்டாள். என் வீடு, அடுத்தது சோனுன்பூவின் கடை, அப்புறம் ஓடையோரத்தில் இவன் குடிசை என்றேன். எங்கள் எண்களைக் குறித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை ஐஜார்கின் காலையிலிருந்தே கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள். மத்தியானம்வரை எதுவும் வரவில்லை. சன்னலோரம் போகிறவர்களெல்லாம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். கெட்டில் கம்பெனியிலிருந்து மட்டும், நாற்காலி தயாராக இருக்கிறது என்று அன்பாக ஒரு செய்தி வந்ததாம். அதற்குப் பதில் போடாமல் ஒரு பட்டையைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள்.

என் போன் அடித்தது.

"அக்சகால்" என்றாள் வெனெரா. "உங்க ஊர்ப் பொண்ணுக்கு ரெண்டாம் தவணை வந்தாச்சு. மின்னஞ்சல் சாயங்காலம்தான் அனுப்புவேன்."

"ரொம்ப நல்லதும்மா" என்று சௌகரியமாகச் சாய்ந்துகொண்டேன்.

"நீங்க கிளம்பலன்னா அடுத்த ஆளுக்குப் போன் போகும்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

என் வயதில் ஆள் ஓடக்கூடாது. அதனால் ஓடவில்லை, குதிரை ஏறினேன். சேணம் போட நேரமில்லை. பாதி வழியில்தான் அது குதிரையில்லை, பக்கத்து வீட்டுப் பசு என்று கவனித்தேன். ஆனால் நன்றாகப் போய்க்கொண்டிருந்ததால் இறங்கவில்லை. கடைப்பக்கமிருந்து சோனுன்பூ மாவுக் கையோடு வந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஓடைப்பக்கமிருந்து துகோல்பாய், தலையில் என் தொப்பியோடு. வெனெரா எனக்குக் கால் மணி நேரம் கொடுத்துப் பார்த்துவிட்டு மற்றவர்களையும் கூப்பிட்டிருக்கிறாள். அதிகாரிகளிடம் பொறுமை கிடையாது.

மூன்று பேரும் ஒரே சமயத்தில் பட்டறை வாசலில் நுழைந்தோம், ஆகவே நுழையவில்லை. நிலையில் இறுகி நின்றோம். மூன்று பேருக்கும் மூச்சு இரைத்ததில் ஒருத்தர் வாயிலும் அந்தச் சொல் வரவில்லை. ஐஜார்கின் எழுந்து நின்றாள். எங்களைப் பார்த்தாள், எங்களுக்குப் பின்னால் நின்ற பசுவைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. துகோல்பாய் சொன்னது சரிதான், அந்த முகத்தை வாசலில் நின்றுதான் பார்க்க வேண்டும்.

"சொல்லுங்க" என்றாள். "நீங்க சொன்னாத்தான் எனக்கு வந்த மாதிரி."

யார் முதலில் சொன்னது என்பதில் ஊரில் மூன்று கட்சி உண்டு. நான்தான். அவளிடம் கொடுக்க ஒன்றுமில்லை, எல்லாவற்றையும் பட்டைக்குள் போட்டிருந்தாள். கழுத்திலிருந்த துண்டைச் சோனுன்பூவுக்குக் கட்டினாள். வேலைக்குப் போடும் தோல் அங்கியைத் துகோல்பாய்க்குக் கொடுத்தாள், அதை அவன் கல்யாணங்களுக்குப் போட்டுக்கொண்டு போகிறான். எனக்கு, அப்போது பற்றவைத்துக்கொண்டிருந்த பட்டை. இன்னும் சூடாக இருந்தது.

அதை நான் வாலில் கட்டிக்கொள்ள முடியாதல்லவா. என் கிழவி வாங்கி என் கணுக்காலில் கட்டிவிட்டாள், எங்கே போகிறேன் என்று தெரிந்துகொள்ள. அன்றிலிருந்து பகலில் கொஞ்சம் படுத்துப் புரண்டால் போதும், பட்டை தனக்குத் தெரிந்ததைத் தெரிந்தபடி மேய்ப்பனுக்குச் சொல்லிவிடுகிறது. துகோல்பாய் நாலுகால் பாய்ச்சலில் வந்து சட்டைக் கையை மடித்துக்கொண்டு நிற்கிறான். இதுவரை குட்டி எதுவும் பிறக்கவில்லை. ஆனாலும் வந்த கூலிக்குக் கிழவியிடம் கல்பாக் வாங்கிக்கொண்டுதான் போகிறான். அடுத்த வருஷம் கழித்துக்கொள்வானாம்.